ஆட்டவீரரை நாடும் கல்லூரிகள்

கல்லூரியொன்றின் பெயர் இரு வழிகளால் நாட்டிற் பரவுகின்றது. ஒன்று பரீட்சைப் பெறுபேறு. மற்றொன்று விளையாட்டுக் களத்து வெற்றி. முன்னையது பெறுபேறுகள் வெளியாகும் நாட்களிற் சிறிது பேசப்பட்டு அடங்கிவிடும். பின்னையதோ ஆயிரக்கணக்கானோர் கண்முன்னே நிகழ்வதாகலின் தலைமுறை கடந்தும் நினைவில் நிற்கும். கொழும்பு றோயல் கல்லூரியும் பரிசுத்த தோமையர் கல்லூரியும் 1879ஆம் ஆண்டு தொடங்கிய கிறிக்கெற் போட்டியும், றோயல் கல்லூரியும் கண்டித் திரினிற்றிக் கல்லூரியும் 1945 முதல் பிறட்பிக் கேடயத்துக்காக ஆடிவரும் றகர் போட்டியும் இதற்குச் சான்றாகும். அவற்றைக் காணவென்றே கடல்கடந்து வரும் பழைய மாணவரும் உளர்.

வெற்றிக்கு மதிப்பு உயர உயர, வெற்றியைத் தரவல்ல மாணவனுக்கும் மதிப்பு உயர்கின்றது. அத்தகைய மாணவன் தன் கல்லூரியிற் பிறவாவிடின் அவனைப் பிறிதோரிடத்திலிருந்து அழைத்து வரலாமே என்னும் எண்ணம் அங்கே தோன்றுகின்றது. ஆட்டத்திறன் கருதி ஒரு மாணவனைத் தேடிச் சென்று, சலுகைகள் கூறி, தன்பாற் சேர்த்துக்கொள்ளும் இவ்வழக்கமே ஈண்டு ஆராயப்படும் பொருள். இதனை முற்றிலும் தீதென ஒதுக்குவாரும் உளர். ஏழை மாணவனுக்குக் கிடைத்த நற்பேறெனப் போற்றுவாரும் உளர். இவ்விரு கொள்கையையும் விடுத்து, அவ்வழைப்பில் எழுதப்பட்டிருப்பது யாது, எழுதப்படாதிருப்பது யாது என்னும் வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்முனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள கரையோரத்தில் வாழும் எமக்கு இது தொலைவிலுள்ள பொருளன்று. மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என அடுத்தடுத்து அமைந்த இவ்வூர்களில், பிற்பகல் வெயில் தணிந்ததும் கடற்கரை மணலிலும் பாடசாலைத் திடலிலும் பந்தின் ஓசை கேட்கத் தொடங்கும். அங்கு வெறுங்காலுடன் ஆடும் சிறுவருட் சிலர் வலய மட்டத்திலும் மாகாண மட்டத்திலும் வென்று அகில இலங்கைப் போட்டிக்குச் செல்கின்றனர். அவ்வாறு செல்வோரைக் காணும் கண்கள் பல. ஆண்டவனின் கொடையென ஊரார் கருதும் திறமை, அங்கு வந்திருக்கும் பயிற்றுநர் ஒருவருக்கு அடுத்த பருவத்து அணியில் நிரப்பவேண்டிய ஓரிடமாகத் தோன்றலாம்.

இவ்வழைப்பு வருதற்குரிய காலமும் பெரும்பாலும் குறித்த ஒன்றேயாம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்து உயர்தர வகுப்பிற் சேரும் வேளையில் மாணவர் பலர் பாடசாலை மாறுதல் இயல்பு. அவ்வேளையில் ஆட்டவீரன் மாறுவதும் எவர் கண்ணிலும் உறுத்தாது. 19 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆட அவனுக்கு இன்னும் இரண்டோ மூன்றோ ஆண்டுகள் எஞ்சியிருக்கும். அவ்வாண்டுகளே அவன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கவேண்டிய ஆண்டுகளுமாம். ஒரே காலத்தைக் களமும் வகுப்பறையும் கேட்கின்றன என்பதே இதன் கண்ணுள்ள முதற் சிக்கல்.

இடமாற்றத்தால் உயர்ந்தோர் இலர் என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். காலியை அடுத்த இரத்கமையில் வளர்ந்த லசித் மாலிங்க பயின்றது காலி வித்தியாலோகக் கல்லூரியில். அங்கே அவரது பந்துவீச்சைக் கண்டவர் முன்னாள் இலங்கை வீரர் சம்பக்க ராமநாயக்க. அதன் பின்னரே மாலிங்க காலி மகிந்தக் கல்லூரிக்குச் சென்றார். 2004இல் இலங்கை அணிக்காக அவுஸ்திரேலியாவில் டெஸ்ற் ஆட்டத்தில் இறங்கினார். 2014இல் இருபது ஓவர் உலகக் கிண்ணத்தை வென்ற அணிக்குத் தலைமை தாங்கினார். எளிய குடும்பத்தில் தோன்றிய பத்தும் நிசங்க களுத்துறை வித்தியாலயத்திலிருந்து கொழும்பு இசிப்பத்தானைக் கல்லூரிக்கு வந்தவர். 2021இல் தம் முதல் டெஸ்ற் ஆட்டத்திலேயே சதமடித்த அவர், 2024 பெப்ரவரியில் ஆப்கானித்தானுக்கெதிராக ஆட்டமிழக்காது 210 ஓட்டங்கள் பெற்று, ஒருநாள் ஆட்டத்தில் இரட்டைச் சதம் கண்ட முதல் இலங்கையரானார். சென்னை அணிக்காகப் பந்துவீசித் தமிழகத்தார் நன்கறிந்த மதீச பத்திரணவும் கண்டி ரணபிம றோயல் கல்லூரியிற் பயின்று பின்னர் திரினிற்றிக் கல்லூரிக்குச் சென்றவரே. நல்ல திடலும் தேர்ந்த பயிற்றுநரும் வலிய எதிரணிகளும் இன்றித் திறமை முதிர்வதில்லை. அவையுள்ள இடத்தை நாடிச் செல்லும் உரிமை மாணவனுக்கு உண்டு.

ஆயினும் இடம்பெயர்ந்தாலன்றி உயர்வில்லை என்பதும் பொருந்தாது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராகிய விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசம்பரில் லங்கா பிரிமியர் லீக் போட்டியில் யாழ்ப்பாண அணிக்காக ஆடினார்; 2024இல் இந்தியாவின் ஐ.பி.எல். போட்டியில் ஐதராபாத் அணியிலும் இடம்பெற்றார். நெடும்போரினால் ஆடுகளங்களும் வாய்ப்புகளும் அருகிய ஒரு மாவட்டத்திலிருந்து, தம் ஊர்க் கல்லூரியின் பெயருடனேயே அவர் வெளியே தெரிந்தார் என்பது கருதற்பாலது.

மாணவனைத் தேடிச் செல்லுதல் என்னுங் கருத்தே எம் கல்விமரபுக்குப் புறம்பானது என்று எண்ணுதலும் தவறு. 1940களில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியாற் பரவிய மத்திய கல்லூரிகளும், அவற்றோடு வந்த ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலும், கிராமத்துப் பிள்ளையின் அறிவைத் தேடிச் சென்று நல்ல பாடசாலையிற் சேர்க்கும் ஏற்பாடுகளேயாம்.

கல்முனைக்கு இவ்வகையில் வேறொரு நினைவும் உண்டு. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்று, இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் முஸ்லிமாகிய ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். அம்பாறை மாவட்டம் 1961இலேயே தனியாகப் பிரிக்கப்பட்டதாகலின், கல்முனை அந்நாளில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. போர்க்கால உணவு உற்பத்தியைப் பெருக்குதல் அவர்க்கிட்ட பணி. வயல்களைப் பார்க்க வந்தவர் பள்ளிகளையும் பார்த்தார். திறமையிருந்தும் வறுமையாற் படிப்பை விடும் பிள்ளைகளைக் கண்டு அவ்வூரிற் கல்விச் சங்கமொன்று தோன்றத் துணைநின்றார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாயநிதி அவர் முயற்சியால் நிறுவப்பட்டது. 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராகவும் அவர் விளங்கினார். ஈண்டு நோக்கவேண்டியது உதவியின் இயல்பு. ஒரு நிதி தன் பெயரையும் நோக்கத்தையும் வெளியிட்டு, விண்ணப்பம் கோரி, வறிய மாணவனின் படிப்புக்கென உதவுகின்றது. அவன் ஒரு கேடயத்தை வென்று தரவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அதில் இல்லை.

ஆட்டத்திறன் கருதி வரும் உதவியோ இவ்வியல்பினதன்று. அஃது ஒரு கைம்மாறு. திறமை தரப்படுகின்றது, அதற்கீடாக அனுமதியோ விடுதியோ பணமோ பெறப்படுகின்றது. கைம்மாறு என்பதனாலேயே அஃது இழிந்ததாகிவிடாது. ஆயின் ஒருபுறத்தில் நூறாண்டு அனுபவமுள்ள நிறுவனமும், மறுபுறத்தில் பதினாறு வயதுச் சிறுவனும் நிற்குமிடத்து, அக்கைம்மாற்றின் விதிகளை எவர் வகுப்பது என்பதே வினா. இவ்வினாவை நூறாண்டுக்கு மேலாகப் பெரும் பொருட்செலவில் ஆராய்ந்த நாடு ஒன்றுண்டு. அஃது அமெரிக்க ஐக்கிய நாடு. அதன் அனுபவத்தைச் சிறிது விரிவாகக் காண்டல் பயனுடைத்து.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்பது நாம் அப்பெயரால் வழங்கும் ஆட்டமன்று. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும், றகருக்கு உறவான வன்மை மிக்க ஆட்டம் அது. அங்கே பல்கலைக்கழகங்களையும் கல்லூரியென்றே வழங்குவர். அக்கல்லூரிகளிடை நிகழ்ந்த முதல் ஆட்டம் என 1869இல் றட்கேர்சும் பிறின்ஸ்ரனும் ஆடியதைக் குறிப்பிடுவர். அடுத்த நாற்பதாண்டுக்குள்ளாகவே வீரர் வேட்டை தொடங்கிவிட்டது. 1904இல் யேல் பல்கலைக்கழக அணித்தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹோகன் கட்டணமின்றிப் படித்தார். சிறந்த விடுதியறையில் தங்கினார். கியூபாவுக்கு உல்லாசப் பயணம் அனுப்பப்பட்டார். அந்நகரில் விற்கப்பட்ட ஒரு கம்பனியின் சிகரெட்டுகளுக்குத் தரகும் பெற்றார். இவையெல்லாம் அடுத்த ஆண்டிற் சஞ்சிகையொன்றில் வெளிவந்து நாட்டை வியப்பிலாழ்த்தின.

1905இல் ஆட்டக்களத்து மரணங்கள் பெருகியமையால் சனாதிபதி தியடோர் றூஸ்வெல்ற் பெருங் கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906இல் தோன்றிய சங்கமே 1910இல் தேசியக் கல்லூரி மெய்வல்லுநர் சங்கம் எனப் பெயர் பெற்றது. ஆட்டத்துக்காக மாணவனுக்குப் பொருள் தரலாகாது என்பது அதன் கொள்கை. கொள்கை ஏட்டில் இருந்தது. பொருள் கையில் மாறியது. கார்ணகி நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்து 1929இல் வெளியிட்ட அறிக்கை, வீரரை வலிந்து தேடுதலும் மறைவாக உதவுதலும் அவற்றுட் பெரும்பாலானவற்றில் வேரூன்றியிருந்தன எனக் காட்டிற்று. 1948இற் கடுமையான ஒழுக்கக்கோவை ஒன்று விதிக்கப்பட்டது. மூன்றாண்டுள் அது கைவிடப்பட்டது. 1950களின் நடுப்பகுதியில் ஆட்டத்திறனுக்கென்றே புலமைப்பரிசில் வழங்கலாம் என்று சங்கம் இசைந்தது. கட்டணம், உணவு, உறையுள், நூல் ஆகியன தரலாம், அதற்கு மேலில்லை.

அதன் பின் வேட்டை ஒழுங்கு பெற்றது. துணைப் பயிற்றுநர்க்கு மாநிலந்தோறும் பகுதி பிரித்துக் கொடுக்கப்பட்டது. அவர்கள் உயர்பாடசாலை ஆட்டங்களைப் பார்த்து, படச்சுருள்களை ஆராய்ந்து, பெயர்ப்பட்டியல் வகுத்தனர். பிற்காலத்தில் மாணவர்க்கு ஒன்று முதல் ஐந்து வரை விண்மீன் இட்டுத் தரம் பிரிக்கும் வணிக நிறுவனங்களும் எழுந்தன. மாணவன் வீட்டுக்கு எப்போது செல்லலாம், எப்போது பார்க்க மட்டுமே செய்யலாம், எப்போது பேசவே கூடாது என்று ஆண்டு முழுவதற்கும் நாட்காட்டி வகுக்கப்பட்டது. கல்லூரிச் செலவில் மாணவன் வந்து பார்ப்பதற்கும் விதியுண்டு. 1964இல் விருப்ப உறுதிக் கடிதம் என்னும் முறை வந்தது. அதிற் கையொப்பமிட்ட மாணவனைப் பிற கல்லூரிகள் அதன்மேல் நாடலாகாது. மாணவனும் மனம் மாறின் ஆடும் உரிமையை ஒரு காலத்துக்கு இழக்கவேண்டும்.

விதிகள் பெருகின என்பது உண்மையே. ஆயின் அவ்விதிகள் எவரைக் காத்தன? பெரும்பாலும் ஒரு கல்லூரியை மற்றொரு கல்லூரியினின்றும் காத்தன. மாணவனைக் காத்தவை சிலவே. இதனை இரண்டு வரலாறுகள் தெளிவாக்கும்.

கொலறாடோ மாநிலத்துக் கல்லூரியொன்றில் ஆடிய றே டெனிசன் 1955இல் ஆட்டத்தின்போது தலையில் அடிபட்டு இறந்தார். தொழிலாற் பெற்ற காயத்துக்குரிய நட்டஈடு கோரி அவர் மனைவி வழக்காடினார். 1957இல் அம்மாநில உயர் நீதிமன்றம், கல்லூரி உதைபந்தாட்டத்தை ஒரு தொழிலாக நடத்தவில்லை என்றுகூறி அக்கோரிக்கையை மறுத்தது. ஆட்டவீரரை மாணவ வீரர் என்று வழங்கும் சொல்லைச் சங்கம் விடாப்பிடியாகப் பரப்பியதும் இக்காலத்திலேயாம். அவ்வொரு சொல்லினால், காயமுற்றவன் தொழிலாளி அல்லன் என்னும் வாதம் நிலைபெற்றது. 1973இல் நான்காண்டுப் புலமைப்பரிசில் நீக்கப்பட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் முறை வந்தது. ஆட இயலாது போனவனைப் புதுப்பிக்காது விடும் வாய்ப்பும் அதனோடு வந்தது. பல்லாண்டுப் புலமைப்பரிசிலை மீண்டும் வழங்க 2012 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மற்றது மார்க்கஸ் டூப்றேயின் வரலாறு. மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூராகிய பிலடெல்பியாவில் 1964இற் பிறந்த இக்கறுப்பின இளைஞரைப் பதினேழு வயதில் நாடெங்குமிருந்து பயிற்றுநர் தேடி வந்தனர். அவ்வேட்டையைப் பற்றியே வில்லி மொறிஸ் என்னும் எழுத்தாளர் 1983இல் ஒரு முழு நூல் வெளியிட்டார் எனின் அதன் பரப்பை உணரலாம். டூப்றே 1982இல் ஒக்லகோமா பல்கலைக்கழகத்திற் சேர்ந்து முதலாண்டிலேயே புகழ் பெற்றார். இரண்டாம் ஆண்டின் நடுவில் அதனை விட்டு விலகினார். பட்டம் பெறாமலே தொழில்முறை ஆட்டத்திற் புகுந்த அவர்க்கு 1985இல் முழங்காலிற் கடுங்காயம் நேர்ந்தது. 1990இல் மீண்டும் வந்து சிறிது காலம் ஆடினாரெனினும் முன்னைய உயரத்தை அடையவில்லை. பதினேழாம் வயதில் அவர் வாயிலில் நின்ற கூட்டத்தில் இருபத்தொன்றாம் வயதில் எஞ்சியிருந்தோர் மிகச் சிலரே.

அமெரிக்காவில் ஏறத்தாழப் பத்து இலட்சம் உயர்பாடசாலை மாணவர் அவ்வாட்டத்தை ஆடுகின்றனர். அவருட் சங்கத்தைச் சேர்ந்த கல்லூரிகளில் ஆட இடம்பெறுவோர் நூற்றுக்கு ஏழு பேரளவினர். அவ்வாறு இடம்பெற்றோருள்ளும் தொழில்முறை அணிகளால் தெரிவு செய்யப்படுவோர் நூற்றுக்கு இருவரிலும் குறைவு. ஆதலின் ஆட்டம் முடிந்தபின் கையில் எஞ்சுவது கல்வியொன்றே என்பது எண்ணிக்கையாலும் பெறப்படும்.

மறைவான கொடுப்பனவுகளுக்குத் தண்டனை இல்லாமலும் இல்லை. டலஸ் நகரத்துச் சதேர்ண் மெதடிஸ்ற் பல்கலைக்கழகத்தில் ஆதரவாளர் தொகுத்த நிதியிலிருந்து 13 வீரர்க்கு ஏறத்தாழ 61,000 டொலர் இரகசியமாக வழங்கப்பட்டமை வெளிப்பட்டது. 1987இல் அதன் உதைபந்தாட்டப் பருவம் முழுவதையும் சங்கம் தடைசெய்தது. அடுத்த பருவத்தைப் பல்கலைக்கழகமே கைவிட்டது. அவ்வணி தலைநிமிரப் பல ஆண்டுகள் சென்றன. ஆயின் தண்டனையின் சுமையைத் தாங்கியோருட் பணம் பெறாத மாணவரும் இருந்தனர்.

இறுதியில் மாற்றம் நீதிமன்றத்தின் வழியே வந்தது. 2021 யூன் மாதத்தில், கல்வி தொடர்பான நன்மைகளைச் சங்கம் கட்டுப்படுத்துதல் சட்டத்துக்கு மாறானது என்று அமெரிக்க மீயுயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசரும் ஒருமனதாகத் தீர்த்தனர். அவ்வாண்டு யூலை முதல் வீரர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு அளித்துப் பொருள் ஈட்ட இடமளிக்கப்பட்டது. அறுபதாண்டு வழங்கிய விருப்ப உறுதிக் கடிதம் 2024இல் நீக்கப்பட்டது. 2025 யூனில் நீதிமன்றம் ஏற்ற இணக்கத்தின்படி, கல்லூரியொன்று முதலாண்டில் 2 கோடியே 5 இலட்சம் டொலர் வரை தன் வீரர்க்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். இப்புதிய ஏற்பாட்டிற் குறைகள் பல உள. செல்வக் கல்லூரி மேலும் வலுப்பெறும் என்ற அச்சமும் பொய்யன்று. ஆயினும் ஓர் உண்மை ஐயமறத் தெளிவாயிற்று. நூறாண்டுத் தடை கொடுக்கல் வாங்கலை ஒழிக்கவில்லை. அதனை இருட்டில் நடத்திற்று. இருட்டில் நடக்கும் பேரத்தில் நட்டமடைவோன் வலிமை குறைந்தவனே.

இவ்வறிவை ஏந்தி எம் கரையோரத்துக்கு மீள்வோம். கொழும்பிலோ கண்டியிலோ உள்ள பெருங் கல்லூரியொன்று கல்முனைப் பகுதியிலிருந்து ஒரு மாணவனை அழைக்கின்றது எனக் கொள்வோம். தந்தை கடற்றொழிலாளியாகவோ நெசவாளியாகவோ வயற்காரராகவோ இருக்கலாம். வந்தவர் நல்லவர், சொற்கள் இனியவை. விடுதி உண்டு, பயிற்சி உண்டு, எதிர்காலம் உண்டு என்கின்றார். ஊர் மகிழ்கின்றது. இந்நிலையிற் பெற்றோர் கேட்கவேண்டியன சில உள.

முதலாவது, கற்கும் மொழி. எம் மாணவர் பெரும்பாலும் தமிழ்மொழி மூலம் பயின்றோர். செல்லும் கல்லூரியில் அவன் தெரிந்த பாடங்களுக்குத் தமிழ்மொழி வகுப்பும் ஆசிரியரும் உண்டா என்பதை அறியவேண்டும். அணியில் இடமுண்டு, வகுப்பில் மொழியில்லை என்னும் நிலை நேர்ந்தால், அவன் இரண்டாண்டு பாடசாலையில் இருந்தான் என்பதன்றிப் படித்தான் என்பது பொருந்தாது.

இரண்டாவது, பல்கலைக்கழக அனுமதி. எம் நாட்டிற் பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் தகுதியாலும், 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்தாலும், 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கியவையெனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் எனப் பகிரப்படுகின்றன. அம்பாறை அப்பதினாறனுள் ஒன்று. ஒருவன் எம்மாவட்டத்தவன் என்று முடிவு செய்வதில் அவன் பயின்ற பாடசாலையின் அமைவிடமும் பயின்ற காலமும் கருதப்படுவனவாம். எனவே இடமாற்றம் அவனது மாவட்ட உரிமையை எவ்வாறு பாதிக்கும் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அவ்வாண்டுக் கைந்நூலிற் பார்த்துத் தெளிந்த பின்னரே பெற்றோர் இசைதல் வேண்டும். கேடயம் ஏந்திய கையில் அனுமதிக் கடிதம் இல்லாது போகலாம். அதனைப் பந்து கொணர்ந்து தராது.

மூன்றாவது, காயம். முழங்காலோ தோளோ முறிந்தால் மருத்துவச் செலவு எவருடையது? ஆட இயலாத மாணவனுக்கு விடுதியும் வகுப்பும் உயர்தரப் பரீட்சை முடியும் வரை நிலைக்குமா? டெனிசனுக்கும் அக்கால அமெரிக்க வீரர்க்கும் கிடைக்காத விடையை நம் பெற்றோர் முற்கூட்டியே பெறுதல் தகும்.

நான்காவது, வாழ்க்கை. விடுதியில் அவன் சமயத்துக்கு ஏற்ற உணவு உண்டா? தொழுகைக்கு நேரமும் இடமும் உண்டா? நோன்பு மாதத்திற் பயிற்சி எவ்வாறு நடைபெறும்? இந்து மாணவனாயின் அவனுடைய அனுட்டானங்களுக்கும் இதேபோல் இடமுண்டா? இரவு முழுவதும் ஓடும் பேருந்தில் வந்து சேரவேண்டிய தொலைவில் வாழும் சிறுவனுக்கு, பொறுப்பான பாதுகாவலர் ஒருவர் பெயர் குறித்து நியமிக்கப்பட்டுள்ளாரா? இவை சிறியவையாகத் தோன்றும். ஆயின் சிறுவன் மனமுடைந்து திரும்புவது பெரும்பாலும் இத்தகைய சிறியவற்றாலேயே.

ஐந்தாவது, வளர்த்த பாடசாலை. கல்முனை ஸாஹிறாக் கல்லூரியாயினும், உவெஸ்லி உயர்தரப் பாடசாலையாயினும், பெயர் பரவாத சிற்றூர் வித்தியாலயமாயினும், ஆறாம் வகுப்பு முதல் ஒருவனைப் பயிற்றும் ஆசிரியர் தம் மாலைப்பொழுதையும் சிலவேளை தம் சம்பளத்தையும் செலவிடுகின்றார். விதைத்தவர் ஒருவர், அறுப்பவர் மற்றொருவர் என்றாகும்போது அடுத்த விதைப்புக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்? தொழில்முறை உதைபந்தாட்டத்தில் இதற்கொரு வழி கண்டுள்ளனர். உலக உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீபா 2001இல் வகுத்த விதிப்படி, ஒப்பந்தக் காலத்தில் வீரனொருவன் விலைக்குக் கைமாறும்போது, அத்தொகையில் நூற்றுக்கு ஐந்து அவனைப் பன்னிரண்டு முதல் இருபத்துமூன்று வயது வரை பயிற்றிய கழகங்களுக்குப் பகிரப்படும். பாடசாலைகளிற் பணப்பரிமாற்றம் வேண்டுவதன்று. ஆயினும் அழைத்துச் செல்லும் கல்லூரி, வளர்த்த பாடசாலைக்குப் பந்துகளும் காலணிகளும் வழங்கலாம். தன் பயிற்றுநரை ஆண்டுக்கொருமுறை அனுப்பலாம். தன் அணியை அழைத்துவந்து இங்குள்ள திடலில் ஒரு நட்பாட்டம் ஆடலாம். இது தானமன்று, கடன் தீர்த்தல்.

இவ்வைந்தும் வாய்ச்சொல்லாக நில்லாது எழுத்தில் அமைதல் வேண்டும். அழைக்கும் கல்லூரியின் அதிபர், பெற்றோர், விடுக்கும் பாடசாலையின் அதிபர் ஆகிய மூவரும் ஒப்பமிட்ட ஒரு தாளிருப்பின் போதும். பழைய மாணவரோ பயிற்றுநரோ தனியே வந்து தரும் வாக்குறுதிக்கு அத்தாளில் இடமில்லை. அவர் நல்லெண்ணத்தவராயினும் அவரது பதவி நிலையற்றது, கல்லூரியோ நிலைபெற்றது. கல்வி அமைச்சும் பாடசாலை விளையாட்டுச் சங்கங்களும் இத்தகைய மாதிரிப் பத்திரமொன்றை வகுத்து நாடெங்கும் பொதுவாக்கினால் நல்ல கல்லூரிகளுக்கும் அது காப்பாகும். மறைவில் நடப்பது எது, வெளிப்படையானது எது என்பதும் தாமே விளங்கும். விளையாட்டுத் திறனுக்கென வெளிப்படையாக இடமொதுக்குதல் இயலாததன்று. தமிழ்நாட்டிற் பொறியியற் கல்வி அனுமதியில் விளையாட்டு வீரர்க்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு. சான்றிதழ்களுக்கேற்பப் புள்ளியிட்டுத் தெரிவு நடைபெறுகின்றது. எம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் பாடத்துக்குப் புறம்பான துறைகளிற் சிறந்தோர்க்கென விசேட ஏற்பாட்டின் கீழ்ச் சிறுபங்கு இடங்கள் உள. விதி எழுதப்பட்டு, யாவரும் வாசிக்கத்தக்கதாக இருக்கும்போது வீரனும் தலைநிமிர்ந்து வரலாம். அவனோடு போட்டியிட்டுத் தோற்றவனும் குறைகூறான்.

ஆசிரியராகிய எமக்கும் இதிற் கடமையுண்டு. திறமையுள்ள மாணவனைப் பிறர் அழைக்கும்போது பொறாமையால் விடுகைப் பத்திரத்தைத் தாமதித்தல் ஆசிரியத் தொழிலுக்கு ஒவ்வாது. அவ்வாறே, நம் பாடசாலையின் பெயர் பத்திரிகையில் வரும் என்னும் மகிழ்ச்சியில் ஒன்றும் கேளாது அனுப்பிவிடுதலும் ஒவ்வாது. அவனது பாடக் குறிப்பேடுகளையும் அவனுக்கு ஏற்ற பாடத்துறையையும் நாமே எழுதி அனுப்புதல் வேண்டும். தவணைதோறும் அவன் புள்ளிகளைக் கேட்டறிதல் வேண்டும். சென்றவன் நம் மாணவன் என்னும் உறவு விடுகைப் பத்திரத்தோடு முடிவதில்லை.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பர். முளையைக் கண்டு பிடுங்கி நடுவதற்கு எவருக்கும் தடையில்லை. நாற்றுப் பிடுங்கி நடுதல் நெல்வயல் சூழ்ந்த எம் நாட்டார்க்குப் புதிய தொழிலுமன்று. நட்ட இடத்தில் நீருண்டா, அறுவடை வரை காவலுண்டா என்று பார்த்து நடுவதே வேளாண்மை. ஆட்டம் ஆடும் பிள்ளைக்கும் அவ்வளவு கவனம் உரியது. அவனை அழைக்கும் கல்லூரி எத்துணைப் பெரிதாயினும், அவன் தந்தை கையொப்பமிடுமுன் வாசித்தறியத் தமிழில் எழுதிய ஒரு தாளை முன்வைக்குமாயின், அவ்வழைப்பை நாம் தயக்கமின்றி வரவேற்கலாம்.